நெற்றியைத் துடைத்த படம்

அந்தப் படத்தை எடுத்தது நான். முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும். பிறகு அதைப் பற்றிக் கதைத்த எல்லோரும், படம் எங்கிருந்தோ தானாக வந்து விழுந்ததுபோலவே கதைத்தார்கள். நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் கதைத்தேன்.

அப்போது நான் கிளிநொச்சி நகரில் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். மிளகாய்த்தூள், பனங்கிழங்கில் செய்யும் ஒடியல் மா, வறுத்த அரிசிமா ஆகியவற்றைப் பொதிசெய்து, வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஆட்களுக்கு இணையத்தின் வழியாக விற்பதுதான் தொழில். வவுனியாவில் தகவல் தொழில்நுட்பம் படித்துவிட்டு அங்கே சேர்ந்தவள் நான். இணையத்தளம், சமூக ஊடகப் பக்கம், படம், வீடியோ, வாடிக்கையாளர்களுக்குப் பதில் எழுதுவது எல்லாம் என் பொறுப்பு. உரிமையாளர் பல வருடம் ஐரோப்பாவில் இருந்துவிட்டுத் திரும்பியவர். சேர் என்று கூப்பிட்டால் அவருக்குப் பிடிக்காது. அண்ணா என்றுதான் கூப்பிட வேண்டும். "நாங்கள் எல்லாரும் ஒரு குடும்பம்" என்பார். பக்கத்தின் அறிமுகத்திலும் அதையே எழுதியிருந்தோம்.

எதையும் பட்டியல் போட்டுச் செய்வது என் பழக்கம். படம்பிடித்த அன்றைய பட்டியல் இன்னும் என் கொப்பியில் இருக்கிறது. தாச்சியைத் தேய்க்க வேண்டும், மூலையில் நிற்கும் சீமெந்துப் பையை எடுக்க வேண்டும், ஏப்ரன், தூளைக் கையில் அள்ளும் காட்சி, முகம் மூன்று கோணத்தில், பின்னால் சைக்கிள் தெரியக்கூடாது. நெற்றியைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. கொப்பியைப் பல தடவை எடுத்துப் பார்த்துவிட்டேன்.

தூள் வறுப்பவர் தர்மபுரத்திலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு அக்கா. வயது நாற்பது இருக்கும். நிறுவனத்தின் பின்வளவில் தகரக் கொட்டில் போட்டு, அதற்குள் பெரிய தாச்சியில் செத்தல் மிளகாயும் மல்லியும் வறுப்பார். கொட்டிலுக்குள் யார் நுழைந்தாலும் தும்மத் தொடங்கிவிடுவார்கள். அவர் மட்டும் தும்முவதில்லை.

"என்னைப் படம் எடுத்தா உங்கட கெமராவும் தும்மும் பிள்ளை" என்றார்.

"அது பழகின கெமரா அக்கா. நீங்கள் இஞ்சால திரும்புங்கோ."

அடுப்புச் சூட்டில் அவருடைய குங்குமம் வியர்வையில் கரைந்து மூக்குவரை இறங்கியிருந்தது. நான் கொண்டுபோன வட்ட விளக்கின் ஒளி அந்த ஈரத்தில் பட்டு வெள்ளையாகத் தெறித்தது. "அக்கா, நெத்தியை ஒருக்காத் துடையுங்கோ. வெளிச்சம் அடிக்குது" என்றேன். அவர் ஏப்ரன் நுனியால் முழுவதையும் துடைத்தார். வெளிச்சம் சரியா என்று பார்க்க ஒரு படம் எடுத்தேன். பிறகு அவர் கைப்பையிலிருந்து சிமிழை எடுத்துப் பொட்டு வைத்துக்கொண்டார். அதன் பிறகு வரிசையாக நல்ல படங்கள் எடுத்தோம்.

மாலையில் அண்ணா என் மேசைக்கு வந்து படங்களைப் பார்த்தார். நல்ல படங்களையெல்லாம் வேகமாகத் தள்ளிக்கொண்டு போனவர், அந்தச் சோதனைப் படத்தில் நின்றார்.

"இதுதான்."

"அது வெளிச்சம் பாக்க எடுத்தது அண்ணா. பொட்டும் இல்லை."

"முகத்தில ஒரு உண்மை இருக்குப் பாருங்கோ. மற்றதெல்லாம் கலியாண வீட்டுப் படம் மாதிரி."

படத்தில் அக்கா சிரிக்கவில்லை. விளக்கைப் பார்த்து மெல்லக் கண்ணைச் சுருக்கியிருந்தார். தாலிக்கொடியை அவர் வேலைக்குப் போட்டு வருவதில்லை, பஸ்ஸில் அறுத்துவிடுவார்கள் என்று பயம். பின்சுவரில் பிள்ளையார் கலண்டர் தெளிவாகத் தெரிந்தது. எங்கள் ஊர்ப்பக்கத்தில் அந்த வயதுப் பெண் ஒருத்தி, பிள்ளையார் படத்துக்கு முன்னால், வெறும் நெற்றியோடு, சிரிக்காமல் நின்றால் யாரும் காரணம் கேட்பதில்லை. காரணம் தெரியும் என்றே நினைப்பார்கள். அண்ணாவும் இந்த ஊரில் பிறந்தவர். அவருக்கு இது தெரியாமல் இருந்திருக்குமா என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை. பிறகு அதை யோசிக்காத நாள் குறைவு.

படத்துக்குக் கீழே என்ன எழுதுவது என்று அவரே சொன்னார்: இழப்புகளைத் தாண்டி எழுந்த கைகள். நான் அதைச் சரிபார்த்தேன். அக்கா வீட்டை இழந்தவர், தம்பியை இழந்தவர். வன்னியில் அப்படி எழுதினால் அது யாருக்குத்தான் பொருந்தாது? பொய் இல்லை என்று முடிவு செய்து பதிவேற்றினேன்.

கருத்துகள் வரத் தொடங்கின. எங்கள் பக்கத்துக்கு அதுவரை வந்த கருத்துகள் எப்போதும் ஒரே மாதிரியானவை. என்ன விலை, எத்தனை நாளில் வரும், உறைப்பு எப்படி. இந்தப் படத்துக்கு வந்தவை வேறு. "கடவுள் உங்களைக் கைவிட மாட்டார் சகோதரி." "பிள்ளைகளுக்காக வாழுங்கோ." "எந்தக் கிராமம்? நேரில் வந்து உதவ விருப்பம்." ஒருவர், "விதவைப் பெண்ணின் கைப்பக்குவம், எல்லாரும் வாங்கி ஆதரியுங்கள்" என்று எழுதினார். அதற்குக் கீழே எங்கள் பக்கத்தின் பெயரில் ஒரு சிவப்பு இதயம் போடப்பட்டிருந்தது. யார் எதை எப்போது அழுத்தினார்கள் என்பது பக்கத்தின் பதிவேட்டில் இருக்கும். பார்த்தேன். நான் அழுத்தவில்லை.

அண்ணாவிடம் கேட்டேன். "அன்பாத்தானே எழுதியிருக்கிறார். அன்புக்கு ஒரு இதயம் போட்டா என்ன?" என்றார்.

"அக்காவின்ர மனுசன் இருக்கிறார் அண்ணா."

"இல்லையெண்டு நாங்கள் எங்கையாவது சொன்னமோ?"

சொல்லவில்லைதான். அந்தக் கருத்துக்குப் பதிலாக ஒரு வரி எழுத எனக்கு அரை நிமிடம் போதும். நான் எழுதவில்லை. ஓடர்கள் அதுவரை இல்லாத அளவுக்கு வந்துகொண்டிருந்தன. கொட்டிலில் இன்னும் இரண்டு பெண்களை வேலைக்கு எடுத்தார்கள், அக்காவே அவர்களுக்கு மேற்பார்வை. அவருக்கும் சந்தோசம். "என்ர முகத்துக்கு இவ்வளவு மவுசு இருக்கெண்டு தெரிஞ்சா முந்தியே படம் எடுத்திருப்பன்" என்று கொட்டிலுக்குள் பகிடி விட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் இருந்தது பட்டன் போன். பக்கத்தை அவர் பார்த்ததே இல்லை.

அடுத்து ஒரு செய்தித் தளம் அந்தப் படத்தை எடுத்துப் போட்டது. எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தலைப்பிலேயே "போரில் கணவனைப் பறிகொடுத்த வன்னித் தாய்" என்று இருந்தது. கீழே உள்ள செய்தியில் பாதி எங்கள் பக்கத்தில் நான் எழுதிய வரிகள், சொல்லுக்குச் சொல். மற்றப் பாதி அவர்கள் கருத்துகளிலிருந்து பொறுக்கியது. அண்ணா அதை நன்றி சொல்லிப் பக்கத்தில் பகிர்ந்தார். அந்த மாதமே பொதியின் முகப்பில் அக்காவின் முகம் அச்சாகி வந்தது.

இவ்வளவும் நடக்கும்போது அக்காவின் கணவர் ஊரில் இல்லை. அவர் நெல் வெட்டும் பெரிய இயந்திரத்தை ஓட்டுபவர். எங்கள் ஊர்ப்பக்கத்தில் அதைச் சுனாமி என்பார்கள், ஒரு வயலுக்குள் இறங்கினால் மிச்சம் வைக்காது. அறுவடைக் காலத்தில் வட்டக்கச்சியில் தொடங்கி, பூநகரி, மன்னார், மட்டக்களப்பு என்று நெல் விளையும் வரிசையில் போய்விட்டு இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் வீட்டுக்கு வருவார்.

ஒருநாள் காலை பத்து மணியளவில் அவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். மெலிந்து உயர்ந்த மனிதர். பின்னால் அக்கா, ஏப்ரன் போடாமல், முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். நான் எழுந்து கதிரையைக் காட்டினேன். அவர் இருக்கவில்லை.

"நான் செத்த திகதியை ஒருக்கா எடுத்துத் தாங்கோ பிள்ளை. வீட்டில திவசம் செய்யவேணும்" என்றார்.

சத்தம் கேட்டு அண்ணா உள்ளறையிலிருந்து வந்தார். "இருங்கோ அண்ணை, தேத்தண்ணி குடிச்சிட்டுக் கதைப்பம்."

"செத்த ஆக்கள் தேத்தண்ணி குடிக்கிறேல்லை."

கொட்டில் பெண்களில் ஒருத்தி வாசலில் நின்று சிரித்துவிட்டு, சிரித்ததை இருமலாக மாற்றினாள். கணவர் சிரிக்கவில்லை. கனடாவில் இருக்கும் அவருடைய தங்கை அந்தச் செய்தியைப் பார்த்து அழுதுகொண்டு அக்காவின் போனுக்கு அழைத்திருக்கிறாள். "நான் எடுத்து ஹலோ எண்டன். அவள் பயந்துபோய் வச்சிட்டாள். பிறகு அரை மணித்தியாலம் ஆரும் எடுக்கேல்லை."

"நாங்கள் ஒரு இடத்திலயும் அப்பிடி எழுதேல்லை அண்ணை. இந்தப் பிள்ளையைக் கேளுங்கோ."

அப்போதுதான் அக்கா வாய் திறந்தார். "நீங்கள் எழுதேல்லை. எழுத விட்டனீங்கள்." பிறகு என்னைப் பார்த்தார். "பொட்டைத் துடைக்கச் சொன்னது ஆர் பிள்ளை?"

"நான்தான் அக்கா. வெளிச்சம் அடிச்சது."

அது உண்மை. ஆனால் சொல்லும்போது, முன்கூட்டியே தயாரித்து வைத்த பதிலைப்போல எனக்கே கேட்டது.  அக்கா என்னை நம்பினாரா இல்லையா என்று அவர் முகத்திலிருந்து எடுக்க முடியவில்லை.

உண்மையான பிரச்சினையை அதன் பிறகுதான் சொன்னார்கள். அவர்களுக்கு ஒரே மகள், அந்த வருடம் பதினொராம் வகுப்பு முடித்துச் சாதாரணதரப் பரீட்சை எழுத இருந்தவள். வேறு மாவட்டத்திலிருந்து புதிதாக மாறி வந்த ஆசிரியை ஒருவர் செய்தித் தளத்தைப் பார்த்துவிட்டு, தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்குச் சப்பாத்தும் பையும் கொடுக்கும் பட்டியலில் அவளுடைய பெயரைச் சேர்த்திருக்கிறார். காலைக் கூட்டத்தில் பெயர்களை வாசித்தபோது இவளுடையதும் வந்தது. பிள்ளை எழுந்து போகவில்லை. அன்றைக்கே வீட்டுக்கு வந்தவள் பிறகு பள்ளிக்கூடம் போகவில்லை.

"சோதினை வருது. அவள் புத்தகத்தை மூடி வச்சிட்டுக் கிடக்கிறாள்" என்றார் அக்கா. "எங்களுக்கு வேற ஒண்டும் வேண்டாம். என்ர பிள்ளைக்குத் தகப்பன் இருக்கிறார் எண்டு, போட்ட இடத்திலயே போடுங்கோ."

அண்ணா உடனே சம்மதித்தார். அவ்வளவு விரைவாகச் சம்மதித்தது எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த நாள் தர்மபுரத்துக்குப் போனேன். இந்த முறை பட்டியல் ஒரே வரி: இருவரும் ஒன்றாக, முகம் தெளிவாக. கணவர் மடிப்புக் குலையாத வெள்ளைச் சேர்ட் போட்டுக்கொண்டு நின்றார். அக்கா பெரிய பொட்டு வைத்து, கொடியை வெளியே எடுத்துவிட்டு, பட்டுச்சேலை உடுத்தியிருந்தார். சாதாரண உடுப்பே போதும் என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. இன்னொரு தடவை அவர் உடுப்பையோ நெற்றியையோ பற்றி வாய் திறக்க எனக்குத் தைரியம் இருக்கவில்லை. மகள் உள்ளேயிருந்து வரவில்லை. சன்னல் திரைக்குப் பின்னால் நிற்பது தெரிந்தது.

"வா பிள்ளை, அப்பாவோட நில்" என்று தாய் கூப்பிட்டார்.

"நான் வரேல்லை. அந்த அக்கா எடுக்கிற படம் எல்லாம் வேற ஏதோவா மாறுது" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

அந்தப் படத்தைப் போட்டேன். கீழே நான் எழுதியது: அக்காவும் அவருடைய கணவரும், தர்மபுரத்திலுள்ள தங்கள் வீட்டில். ஒரு சொல் கூடவோ குறையவோ இல்லை. பிறகு தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து பார்த்தேன்.

"புது வாழ்வுக்கு வாழ்த்துகள் அக்கா."

"இப்படி வாழ்வு கொடுக்க ஒரு மனம் வேண்டும். அந்த அண்ணாவுக்கு ஒரு சலூட்."

"சீதனம் வாங்காத மாப்பிள்ளை என்று நினைக்கிறேன். வாழ்க."

பட்டுச்சேலை, வெள்ளைச் சேர்ட், புதிதாக வைத்ததுபோன்ற பொட்டு. பார்த்தவர்கள் கலியாணப் படம் என்று எடுத்துக்கொண்டார்கள். நான் ஒவ்வொருவருக்கும் பதில் எழுதினேன். இவர் புதியவர் அல்ல, இவர்தான் கணவர், எப்போதும் உயிரோடுதான் இருந்தார். அதற்குப் பிறகு இன்னொரு கூட்டம் வந்தது. "அப்ப முதல் படம் நாடகமா?" "விதவை எண்டு சொல்லித் தூள் வித்தவை, இப்ப ஆரோ ஒருத்தரைக் கொண்டுவந்து நிப்பாட்டினம்." "இந்த ஆள் நடிகர் மாதிரி இருக்கு." நான் உண்மையை எழுத எழுத அது பொய்யைப்போல் ஆகிக்கொண்டு போனது. முன்பு செய்தி போட்ட அதே தளம் மறுநாள், "வன்னித் தாய்க்கு மறுமணம், குவியும் பாராட்டு" என்று போட்டது.

கணவரிடம் தொலைபேசியில் சொன்னேன். வேறு யாரும் சொல்லி அவருக்குத் தெரிய வேண்டாம் என்று நினைத்தேன். 

"என்னைச் சாகடிச்சது காணாதெண்டு என்ர மனுசியை எனக்கே கட்டி வச்சிட்டீங்கள்" என்றார். பிறகு, "அப்ப என்ர பிள்ளை இப்ப ஆற்ற பிள்ளை?" என்று கேட்டார். அதைக் கேட்டபோது அவருடைய குரலில் பகிடி இருக்கவில்லை.

அண்ணா மட்டும் மகிழ்ச்சியாக இருந்தார். "ஒரு சின்ன வீடியோ எடுப்பம். ரெண்டு பேரும் சேர்ந்து தூள் வறுக்கிற மாதிரி. இப்ப சனம் பாக்கிற நேரம்." நான் முடியாது என்றேன். அவர் கோபப்படவில்லை, கோபப்படும் வழக்கம் அவரிடம் இல்லை. "சரி, உண்மையைத்தானே காட்டவேணும்? கலியாணப் பத்திரம் இருக்கும்தானே. அதை வாங்கிக்கொண்டு வாங்கோ, அப்பிடியே போடுவம். கதை முடிஞ்சுது."

எனக்கும் அது சரியாகவே பட்டது. ஆவணம் ஒன்று, அதில் முத்திரை, அதற்கு மேல் யார் என்ன சொல்ல முடியும்? தொழில்நுட்பம் படித்தவளின் நம்பிக்கை அது. மறுபடியும் தர்மபுரத்துக்குப் போனேன்.

அக்கா அலுமாரியைத் திறந்து, சேலைகளுக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்துத் தந்தார். தேசிய அடையாள அட்டைப் பிரதிகள், காணிக் கடிதம், மகளின் பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு. பதிவை மேசையில் வைத்து நேராகப் படம் எடுத்தேன். எழுத்துத் தெளிவாக இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்க்கும்போது திகதி கண்ணில் பட்டது. பிறகு பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பார்த்தேன். மகளுக்கு ஒன்றரை வயது ஆன பிறகுதான் பெற்றோரின் கலியாணம் பதிவாகியிருந்தது.

எங்களுக்கு இது விளங்கும். இடம்பெயர்ந்து ஓடிக்கொண்டிருந்த காலத்தில் கோயிலில் தாலி கட்டியவர்கள் எத்தனையோ பேர். பதிவுகாரரை எங்கே தேடுவது? முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பி வந்த பிறகு பிரதேச செயலகத்தில் வரிசையாக நின்று பதிந்தார்கள். என் பெரியம்மாவின் மகள் இடுப்பில் ஒரு பிள்ளையும் கையில் ஒரு பிள்ளையுமாக நின்று பதிந்தவர். வன்னியில் ஒருவரும் அந்தத் திகதியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்த மாட்டார்கள். ஆனால் எங்கள் பக்கத்தில் கருத்து எழுதுபவர்கள் வன்னியில் இருக்கவில்லை. அவர்களிடம் இந்தப் பத்திரம் போனால், போருக்குப் பிறகு நடந்த இரண்டாம் கலியாணத்துக்கு முத்திரை குத்திய சாட்சி அதுதான். மகள் செத்துப்போன யாரோ ஒருவருடைய பிள்ளை.

நான் இரண்டு திகதிகளையும் விரலால் காட்டினேன். அக்காவுக்கு முதலில் விளங்கவில்லை. கணவருக்கு விளங்கியது. அவர் எழுந்து போய் வாசலில் நின்றார்.

"அப்ப எங்களிட்ட ஒண்டும் இல்லையோ?" என்று அக்கா கேட்டார்.

"இருக்கு அக்கா. அவையளுக்குக் காட்டத்தான் ஒண்டும் இல்லை."

கணவர் திரும்பிப் பார்க்காமலே கேட்டார். "இதைப் போடச் சொன்னது ஆர்? அந்த அண்ணையோ?"

"ஓம்."

"திகதி இப்பிடி இருக்கும் எண்டு அவருக்குத் தெரியுமோ?"

எனக்குத் தெரியாது என்றேன். இன்றைக்கும் தெரியாது. போர் நடந்த காலத்தில் அண்ணா வெளிநாட்டில் இருந்தவர், இப்படிப் பதிந்த கதைகள் அவருக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். அல்லது, இரண்டாம் கலியாணத்துக்கு ஒரு பத்திரமும் கிடைத்தால் வீடியோ இன்னும் ஓடும் என்று நினைத்திருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்து இதில் எது என்று என்னால் ஒருபோதும் சொல்ல முடிந்ததில்லை. அவர் என்னைப் பற்றியும் அப்படித்தான் நினைத்திருப்பார். அக்கா என்னைப் பற்றி நினைத்திருந்தால் அதிலும் பிழையில்லை.

நான் எடுத்த பத்திரப் படத்தை அவர்கள் முன்னாலேயே அழித்தேன். "என்ன செய்யவேணும் எண்டு சொல்லுங்கோ" என்றேன்.

அக்கா யோசித்துவிட்டுச் சொன்னார். "இனி ஒண்டும் போடாதேங்கோ. போட்டதை எல்லாம் எடுங்கோ. விளக்கம் சொல்லப் போனால் இன்னும் ரெண்டு கலியாணம் கட்டி வைப்பினம்."

அன்று மாலை அலுவலகத்தில் இருந்து ஒவ்வொன்றாக எடுத்தேன். முதல் படம், கையில் தூள் அள்ளும் வீடியோ, வெள்ளைச் சேர்ட்டுப் படம், எல்லாவற்றையும். எடுத்து முடித்த பிறகு அண்ணாவுக்குச் சொன்னேன்.  "பக்கத்துக்குப் பொறுப்புத்தான் உங்களுக்குத் தந்தனான். பக்கத்தைத் தரேல்லை" என்றார். நான் வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் பக்கத்துக்குள் நுழையும் அனுமதி எனக்கு இல்லாமல் போயிருந்தது. இரண்டு நாளில் வேலையும் இல்லை. பொதியில் அச்சான முகத்தை அவர் மாற்றினார் என்பதையும் சொல்ல வேண்டும். அக்கா கேட்டதற்காக மாற்றினாரா, முகப்பில் இருப்பவர் விதவையா மணப்பெண்ணா என்று வாங்குபவர்கள் சண்டை பிடித்ததால் மாற்றினாரா என்பது வேறு கேள்வி. இப்போது அதில் பனைமரம் இருக்கிறது.

செய்தித் தளத்துக்கு மூன்று தடவை எழுதினேன். முதல் இரண்டுக்கும் பதில் இல்லை. மூன்றாவதற்கு, தம்பதிகள் நேரலையில் வந்து தங்கள் கதையைச் சொன்னால் திருத்தம் போடுவதாகப் பதில் வந்தது. அக்காவிடம் சொல்லவே இல்லை. அந்த இரண்டு செய்திகளும் இப்போதும் அங்கேதான் இருக்கின்றன. தேடினால் இரண்டும் ஒன்றின் கீழ் ஒன்றாக வரும்.

அடுத்த அறுவடைக்குச் சுனாமியோடு கணவர் போகவில்லை. முதலாளி வேறு ஓட்டுநரைப் பிடித்துக்கொண்டார். அக்கா கொட்டில் வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே தூள் இடித்துச் சந்தைக்குக் கொடுத்தார், பொதியில் படம் இல்லாமல். கணவர் ஒவ்வொரு காலையும் மகளை மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய்ப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிடுவார். இறக்கியதும் திரும்பிவிட மாட்டார். மணி அடிக்கும்வரை வாசலில் நிற்பார், அந்த ஆசிரியை உள்ளே போகும்போது வணக்கம் சொல்வார். முதல் வாரம் ஆசிரியை யார் என்று விளங்காமல் தலையசைத்தாராம். இரண்டாம் வாரம் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டதாக வந்து சொன்னாராம். அதன் பிறகும் அவர் நிற்பதை விடவில்லை. "ஆள் உயிரோட நிக்கிறதைக் கண்ணால பாத்தால்தான் சனத்துக்குக் கொஞ்சமாவது நம்பிக்கை வரும்" என்று அக்கா சொன்னார். பாடசாலைக் கூட்டம், கோயில் திருவிழா, கடை, எங்கே போனாலும் மகளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஒரு போகத்து உழைப்பை விட்டுவிட்டு ஒரு மனிதர் ஊருக்குள் தன்னைக் காட்டிக்கொண்டு திரிந்தார்.

பரீட்சை முடிந்த பிறகு மகள் என்னை அழைத்தாள். அதற்கு முன் அவள் என்னோடு கதைத்ததே இல்லை.

"அக்கா, உங்கட கெமராவால ஒரு படம் எடுத்துத் தருவீங்களோ? அப்பா, அம்மா, நான். போடுறதுக்கில்லை. வீட்டில மாட்ட."

போனேன். மூவரும் முற்றத்தில் நின்றார்கள், அன்றாடம் உடுக்கும் உடுப்போடு. தகப்பன் சாரத்தோடு நின்றார், கழுத்தில் துவாய் கிடந்தது. நான் இரண்டு படம் எடுத்தேன். மகள் தன்னுடைய போனை நீட்டினாள், அதற்கு அனுப்பினேன். வந்துவிட்டதா என்று பெரிதாக்கி ஒவ்வொருவரின் முகத்தையும் தனித்தனியாகப் பார்த்தாள்.

"வந்திட்டுது. இப்ப உங்கடதில அழியுங்கோ அக்கா."

கெமராவில் அழித்தேன். படத்தை அனுப்பப் பயன்படுத்திய என் போனிலும் அழித்துவிட்டுத் திரையை அவளிடம் காட்டினேன்.

"அழிச்சது எல்லாம் போய்க் கிடக்கிற இடம் ஒண்டு இருக்கு. அதுக்குள்ளயும் அழியுங்கோ."

"பிள்ளை, அக்காவை அப்பிடிக் கேக்காதை" என்றார் தாய்.  நான் எப்படிச் செய்கிறேன் என்று தகப்பனும் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த இடத்தையும் திறந்து, அங்கே கிடந்த இரண்டு படங்களையும் நிரந்தரமாக அழித்தேன். மகள் போனை என் கையிலிருந்து வாங்கி, மேலும் கீழும் இரண்டு தடவை தள்ளிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.

"சரி" என்றாள். "இருங்கோ, தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாறன்."